ஹாய்ட் விட்டுக்கொடுத்த காலை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு, பிஸ்கட் கடையின் ஜன்னலோர மேஜையில், ஹாய்ட் லாம்பர்ட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"சரிப்பா. இந்த வருஷம் உங்க கூட்டணிதான் பலம்."

இருபத்திரண்டு வருஷம் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் விடியற்காலையில் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, இந்த மேஜைக்கு வந்து மல்லுக்கு நின்றிருக்கிறேன். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. கை கால் சில்லிட்டுப் போனது.

நான் ஒஹையோவில் பிறந்தவன். பெயர் டெல்மர் கெஸ்லர். ஆலை வேலைக்காக அலபாமாவில் இந்த டெகேட்டர் ஊருக்கு வந்தேன். லொரீனைக் கட்டிக்கொண்டேன், தங்கிவிட்டேன். முப்பத்து நாலு வருஷமாகிறது. வரி கட்டுகிறேன், சர்ச்சில் நாற்காலி அடுக்குகிறேன், இவர்கள் தின்கிற வெண்டைக்காய்ப் பொரியலைத் தின்கிறேன். ஆனாலும் இந்த மேஜையில் என் பெயர் வடக்கத்தியான்தான். ஹாய்ட் மின்கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன். அலபாமா காலேஜ் ஃபுட்பால் டீம் அவனுக்கு உயிர். ரேஃபர்ட் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆபர்ன் காலேஜ் டீமுக்காகப் பெண்டாட்டியோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவன். இரண்டு டீமும் பங்காளிச் சண்டைக்காரர்கள். ஹாய்டும் ரேஃபர்டும் ஒருவர் டீம் தோற்றால் இன்னொருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வருவார்கள். நான் வாயைத் திறந்தால் மட்டும் இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடுவார்கள்.

ஏனென்றால் தெற்கத்திக் காலேஜ்களெல்லாம் ஒரே கூட்டணி, எஸ்.இ.சி. என் ஒஹையோ இருப்பது பிக் டென் கூட்டணியில். தன் ஜென்ம விரோதியே ஆனாலும், அவன் வேறு கூட்டணிக்காரனோடு மோதும்போது அவன் பக்கம்தான் நிற்க வேண்டும். இதுதான் இங்கே கூட்டணி தர்மம். ஒரு வருஷம் அலபாமா வடக்கத்தி டீம் ஒன்றோடு ஆடியபோது, ரேஃபர்ட் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அலபாமா ஜெயிக்க வேண்டும் என்று கண்ணை மூடி ஜெபம் செய்தான். அவர்கள் முன்னே போனதும் கைதட்டினான். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

சண்டை எப்போதும் ஒரே சண்டைதான். முந்தின நாள் திங்கட்கிழமைகூட நடந்தது.

"பேர் பிக் டென். உள்ள இருக்கிறது பதினெட்டு டீம்," என்று ரேஃபர்ட் ஆரம்பிப்பான். "பத்து வரைக்கும் எண்ணத் தெரியாத பசங்க. இவங்க படிச்சவங்களாம்!"

"நவம்பர் வந்தா ஏதாவது ஒரு சோப்ளாங்கிக் காலேஜுக்குக் காசு குடுத்துக் கூட்டிட்டு வந்து அடிக்கிறீங்களே, அதுக்குப் பேர் பலமாடா?" என்பேன் நான். "டிசம்பர்ல எங்க ஊர்ப் பனியில வந்து ஆடிப் பாருங்க."

"பனியில ஆடுறதுக்குப் பேர் ஃபுட்பால் இல்லடா, சறுக்கு விளையாட்டு," என்பான் ஹாய்ட். "வீட்டுக்குள்ள கணப்புப் போட்டுக்கிட்டுப் படுக்க வேண்டிய நேரத்துல ஆடுறவனுக்கு மூளை எங்க இருக்கும்?"

இதுதான் எங்கள் காலைச் சாப்பாடு. பன் மாதிரி மெத்தென்றிருக்கும் இந்த ஊர் பிஸ்கட்டும் வெண்ணெயும் தொட்டுக்கொள்ள.

ஆனால் திங்கட்கிழமை நான் அரை மனதோடுதான் கத்தினேன். போன வியாழக்கிழமை கழுத்தில் இருந்த கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். "செவ்வாய், இல்லேன்னா புதன் கூப்பிடுறோம்," என்றார் டாக்டர். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. போனைச் சட்டைப் பையில் வைப்பேன், எடுப்பேன், மணி அடிக்குமா என்று சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பேன். நவம்பர் மாசம் காய்ந்து கிடந்த புல்லை ஒருமுறை வெட்டினேன். கார் டயர்களை முன்னும் பின்னும் மாற்றினேன். மறுநாள் பழையபடி மாற்றினேன். "நீ அஞ்சு நிமிஷம் உக்காந்தா நான் கர்த்தருக்கு நன்றி சொல்வேன்," என்றாள் லொரீன். நான் உட்காரவில்லை. அவள் நன்றி சொல்லவில்லை.

மேஜையில் இதைச் சொல்லவில்லை. லொரீனிடமும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். காரணம் கார்ல் டீன். முன்பு நாங்கள் நாலு பேர். கார்ல் டீன் டென்னஸி டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்துவான். அவனுக்கு ஈரல் கெட்டுப்போனது தெரிந்த நாளிலிருந்து ஹாய்ட் அவனோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டான். கடைசியாகப் பார்க்கப் போனபோது படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் நீங்கதான் எங்களை ஜெயிச்சிருக்கணும்பா, நடுவர்தான் கெடுத்துட்டான்," என்றான். கார்ல் டீன் ஹாய்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் மறக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் அவன் சவப்பெட்டியைத் தூக்கினோம். ஹாய்ட் லாம்பர்ட் பிழைக்கப்போகிறவன் எவனிடமும் தோற்க மாட்டான் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கட்டியைப் பார்க்கிற டாக்டரிடம் போன் எடுக்கிற வேலை பார்ப்பவள் கெண்ட்ரா. ஹாய்டின் மகள்.

இப்போது தெரிகிறதா எனக்கு ஏன் சில்லிட்டது என்று?

ரேஃபர்டுக்கு இது எதுவும் தெரியாது. அவன் காப்பியைத் துப்பாத குறை. "என்னடா சொன்ன? காலங்காத்தால எதையாவது ஊத்திக்கிட்டு வந்தியா?"

"ஒத்துக்க வேண்டியதை ஒத்துக்கணும்," என்றான் ஹாய்ட். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிஸ்கட்டைப் பிளந்து, ஏற்கெனவே வெண்ணெய் தடவியிருந்த இடத்திலேயே மறுபடி தடவிக்கொண்டிருந்தான்.

நான் அவனைச் சோதித்துப் பார்த்தேன். "அப்ப, டிசம்பர்ல எங்க ஊர்ல வந்து ஆடினா?"

"நீங்கதான் ஜெயிப்பீங்க."

"உங்க ஆளுங்க தடுப்பாட்டத்துல சூரனுங்கன்னு சொல்லுவியே?"

"அதெல்லாம் முன்ன மாதிரி இல்லப்பா."

கடைசியாக, சாதாரண நாளில் கேட்டால் நாங்கள் கைகலப்புக்கே போயிருக்கக்கூடிய ஒன்றைக் கேட்டேன். "எஸ்.இ.சி.ன்னாலே வெறும் டிவிக்காரன் ஊதிவிட்ட பலூன்னு நான் சொல்றேன். சரியா?"

ஹாய்ட் கத்தியைத் தட்டில் வைத்தான். "கொஞ்சம் ஊதித்தான் விட்டுட்டாங்க."

"எங்கப்பா உயிரோட இருந்தா உன்னைச் சுட்டிருப்பாருடா!" ரேஃபர்ட் எழுந்தே விட்டான். "ஆபர்ன்காரன் நான் உங்க அலபாமாவுக்காக ஜெபம் பண்ணினேன். அந்தப் பாவத்தைக் கர்த்தர் இன்னும் மன்னிக்கல. நீ இப்படி எச்சில் தட்டுல வெச்சுக் குடுத்துட்டியே!"

கெட்டிலோடு வந்த கவுன்டர் பெண் என் கோப்பையை நிரப்பப் பார்த்தாள். "என்ன கண்ணு, மூஞ்சி வெளுத்திருக்கு?" என்றாள். அவளுக்கு வயது இருபத்தைந்து இருக்கும், எனக்கு எழுபத்தொன்று. வேண்டாம் என்று கை காட்டிவிட்டு வெளியே வந்தேன். தொப்பியை மேஜையிலேயே விட்டுவிட்டது காரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

வீட்டுக்குப் போக முடியாது. லொரீன் என் முகத்தைப் பார்த்தால் போதும். ஆற்றுப் பாலத்தின் மேல் அந்தப் பக்கம் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். மூன்றாவது தடவை வந்தபோது பாலத்தோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவன் எனக்குக் கையாட்டினான். ரேடியோவைப் போட்டேன். மாநிலம் முழுக்க ஆட்கள் போன் போட்டு ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் தேர்வுக் குழு டீம்களின் புது வரிசையை அறிவிக்கப்போகிறது. யார் நாலாவது, யார் அஞ்சாவது, எந்தக் கூட்டணிக்கு எத்தனை இடம். எங்கேயோ ஓட்டல் அறையில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் உட்கார்ந்து எல்லோருடைய தலைவிதியையும் எழுதுகிறார்களாம். என்னுடையதை எழுதுகிறவன் எந்த அறையில் உட்கார்ந்து எந்தப் பூதக்கண்ணாடியில் என் சதையைப் பார்க்கிறானோ! ரேடியோவை அணைத்தேன். நிசப்தம் அதைவிட மோசமாக இருந்தது. போட்டேன்.

ஒன்பது மணிக்கு டாக்டரிடம் போன் போட்டேன். கெண்ட்ரா எடுக்கவில்லை, வேறு யாரோ எடுத்தார்கள். "டாக்டர் பார்த்துட்டுக் கூப்பிடுவாருங்க," என்றது அந்தக் குரல். பத்தரைக்கு மறுபடி போட்டேன். அதே குரல், அதே பதில். கெண்ட்ரா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் போனை எடுக்கக் கூசுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு சிறு பெண்ணுக்குத் தெரியும், அவள் அப்பனுக்குத் தெரியும். கழுத்தில் கட்டியைச் சுமக்கிறவனுக்கு மட்டும் தெரியாது. பயம் போய்க் கோபம் ஏறியது. கோபம் எவ்வளவோ தேவலை. காரை ஹாய்ட் வீட்டுக்கு விட்டேன்.

அவன் ஏணி மேல் நின்று, கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் ஓடும் தகரத்தில் அடைந்திருந்த இலைகளை அள்ளி எறிந்துகொண்டிருந்தான்.

"இறங்குடா கீழ!"

"என்னப்பா, தொப்பியை வாங்க வந்தியா? ரேஃபர்ட் எடுத்துட்டுப் போயிட்டான்."

"இறங்குன்னா இறங்கு. கெண்ட்ரா உன்கிட்ட என்ன சொன்னா?"

"எந்தக் கெண்ட்ரா?"

"உனக்கு எத்தனை கெண்ட்ரா இருக்குடா?"

இறங்கினான். ஈர இலை ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்தான். "அவளா? அவ என்கிட்ட மூச்சு விட மாட்டா. போன மாசம் என் சுகர் எவ்வளவுன்னு வீட்டுல வெச்சுக் கேட்டேன். 'அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வாப்பா, டாக்டர் சொல்வார்'ன்னுட்டா. பெத்த அப்பன்கிட்ட! ஏன் கேக்கிற?"

"பொய் சொல்லாதே. எதுக்கு ஒத்துக்கிட்ட காலைல?"

அவன் தரையைப் பார்த்தான். எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"லொரீன் சொன்னா," என்றான். "நேத்து சாயங்காலம், சர்ச் சமையல்கட்டுல. நான் தட்டு கொண்டுபோய் வெச்சேன். அவ குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதுட்டிருந்தாப்பா. கட்டி, ஊசி, எல்லாம் சொன்னா. 'அவர்கிட்ட ரெண்டு மூணு நாளைக்குச் சண்டை போடாதே ஹாய்ட், கொஞ்சம் விட்டுக்குடு'ன்னா. அவ்வளவுதான். கர்த்தர் சத்தியமா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். வியாழக்கிழமைக்குப் பிறகு நான் நிஜமாக உட்கார்ந்தது அப்போதுதான். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் நிறுத்த முடியவில்லை.

"கார்ல் டீன்கிட்ட சொன்ன மாதிரியே சொன்னியேடா, பாவி. காலையிலேருந்து நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன்."

ஹாய்டின் வாய் திறந்தபடி நின்றது. "எனக்கு அது தோணவே இல்லப்பா."

"போகட்டும். இப்பத் திருப்பி எடுத்துக்கோ."

"எதை?"

"சொன்னதை. எஸ்.இ.சி.தான் பலம்னு சொல்லு. சொல்லிட்டு நீ ஏணி மேல ஏறு, நான் வீட்டுக்குப் போறேன்."

அவன் பக்கத்து வீட்டு வேலியை ஒரு பார்வை பார்த்தான். தெருவைப் பார்த்தான். என் பக்கம் குனிந்து, சர்ச்சில் பேசுகிற குரலில் சொன்னான்: "முடியாதுப்பா. அது நிஜம்."

"எது நிஜம்?"

"உங்க ஆளுங்கதான் பலம். ரெண்டு மூணு வருஷமாவே. ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கிறேனே, எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? முன்வரிசையில நிக்கிறவன் ஒவ்வொருத்தனும் மாடு மாதிரி இருக்கான் உங்க பக்கம். எங்க பசங்க முதல் பாதிலயே மூச்சு வாங்குறாங்க. இதை நான் யார்கிட்ட சொல்ல? ரேஃபர்ட்கிட்டயா? சர்ச்லயா? எங்கண்ணன்கிட்டச் சொன்னா என்னைக் குடும்பக் கல்லறையில புதைக்க விடமாட்டான். மனசுக்குள்ள வெச்சுக்கிட்டுத் திண்டாடிட்டிருந்தேன். லொரீன் விட்டுக்குடுன்னு சொன்னதும், சரி, சாக்குக் கிடைச்சுதுன்னு சொல்லிட்டேன். அப்புறமா ரேஃபர்ட்கிட்ட, உனக்கு உடம்பு சரியில்லேன்னு சும்மா சொன்னேன்னு சமாளிச்சுக்கலாம்னு இருந்தேன்."

"என் கட்டியைச் சாக்கா வெச்சியா?"

"நல்ல சாக்குப்பா அது."

இருபத்திரண்டு வருஷம் நான் கேட்டது ஒரு மத்தியானத்தில், இலைக் குப்பை நடுவில், கையில் வந்து விழுந்தது. எனக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாளைக் காலையில் நான் என்ன பேசுவேன்? இருந்தாலும் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். இரண்டு கிழட்டு முண்டங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்போதுதான் போன் அடித்தது. சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்திருந்ததால் முற்றம் முழுக்கக் கேட்டது.

கெண்ட்ரா. எட்டு வயதிலிருந்து என்னை டெல்மர் மாமா என்று கூப்பிடுகிறவள். போன் எடுத்தால் முதல் வார்த்தையே, "என்ன மாமா, எங்க ஊரை விட்டு இன்னும் போகலையா?" என்றுதான் இருக்கும்.

"மிஸ்டர் கெஸ்லருங்களா பேசறது?" என்றாள்.

"ஆமாம்மா."

"டாக்டர் நாளைக்குக் காலைல எட்டரைக்கு உங்களைப் பார்க்கணும்னு சொன்னாருங்க. மிஸஸ் கெஸ்லரையும் கூட்டிட்டு வரச் சொன்னார்."

"போன்ல சொல்லக் கூடாதாம்மா?"

"நேர்ல பேசறேன்னாருங்க." அவள் மூச்சு விடுவது கேட்டது. "முக்கால் மணி நேரம் உங்களுக்காக ஒதுக்கி வெச்சிருக்கார்."

சரிம்மா என்றேன். நன்றி என்றும் சொன்னேன். நல்ல செய்திக்கு எந்த டாக்டரும் முக்கால் மணி நேரம் ஒதுக்குவதில்லை. போனைப் பையில் வைக்கப் போனேன், பை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை.

"அது என் பொண்ணு குரல்," என்றான் ஹாய்ட்.

"ஆமா."

"உன்னை மிஸ்டருன்னா."

"ஆமா."

அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்குவதை நான் பார்த்தேன். அவன் வலது கை மெல்ல என் கையை நோக்கி வந்தது. வேண்டாம்டா, வேண்டாம்டா என்று மனதுக்குள் கதறினேன். அந்தக் கை மட்டும் என்னைப் பிடித்திருந்தால் நான் அங்கேயே முடிந்துபோயிருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பயம் என் ஆயுளில் பட்டதில்லை.

பாதி வழியில் கை நின்றது. ஹாய்ட் அதைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"நான் இப்பச் சொன்னேன் பாரு," என்றான். "அது பொய்."

"எது?"

"உங்க கூட்டணி பலம்னு சொன்னது. வாய்க்கு வந்தபடி உளறிட்டேன். நம்பிட்டியா, வடக்கத்தியான்?" குரல் நடுங்கியது, அதை மறைக்கச் சத்தத்தைக் கூட்டினான். வேலிக்கு அப்பால் யார் கேட்டாலும் கேட்கட்டும் என்பதுபோல் கூட்டினான். "உங்கள்ல மொத்தம் ரெண்டு டீம்தான்டா டீம்! மத்தவனெல்லாம் சோளக்காட்டுக்குக் காவல் இருக்கத்தான் லாயக்கு. எங்க கவுன்டி ஹைஸ்கூல் பசங்களை இறக்கினாப் போதும், பாதிப் பேரைத் தூக்கி எறிஞ்சுடுவாங்க. எழுதி வெச்சுக்கோ!"

கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுக, கையைப் பைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு, அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனையோ வருஷம் மென்று விழுங்கிய உண்மையைப் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் வெளியே சொல்லியிருந்தான். எனக்காக அதை மறுபடி விழுங்கிவிட்டான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது.

"ஹைஸ்கூல் பசங்களா?" என்று கத்தினேன். "எந்த ஹைஸ்கூல்டா? பேரைச் சொல்லு!"